ஜப்பான் மலையில் சிவந்த இலைகள்

“பஸ்ஸுல போயிட்டு வந்தா படிப்பு எங்க மண்டையில ஏறும்?” என்று அத்தை ஒருமுறை கேட்டாள். அதற்காகவே கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் நான் புத்தகத்தை மூடுவதில்லை. ஆனால் அன்று முன் இருக்கையில் அண்ணனும் தம்பியும் பேசிய பேச்சில் ஒரு பக்கம்கூட நகரவில்லை. தம்பி கப்பல் வேலைக்குப் புறப்பட்டிருந்தான். அண்ணனும் கப்பலில் இருந்தவர்தான். பார்வை குறைந்துவிட்டதால் இனி அவரை எந்தக் கப்பலிலும் எடுக்கமாட்டார்கள்.

“ஏலே, நவம்பர்ல ஜப்பான்ல நின்னா துறைமுகத்துக்குப் பின்னால ஒரு மலை உண்டு, அதுல ஏறிரு. இலையெல்லாம் ரத்தமா செவந்து நிக்கும்.”

“உதிரப்போற இலையப் பாக்கவா மலையேறச் சொல்லுத?”

“அப்பா கப்பல்ல போனப்போ கீழ நின்னே பாத்தாவ. ஒருநாள் ஏறணும், ஏறணும்னு சொல்லியே செத்துப்போனாவ.”

“பொறவு நீ போனியே, ஏற வேண்டியதுதான?”

“கூட இருந்தவனுவ கூப்பிட்டானுவ. அன்னைக்குப் பாத்து கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில மெழுகுவத்தி கொளுத்த வேண்டிய நாள்ல வேடிக்க பாக்கப் போவக்கூடாதுன்னு கேபின்லயே இருந்துட்டேன்.”

“கப்பல்ல மெழுகுவத்தி கொளுத்தினியா?”

“விடுவானுவளா? டார்ச் லைட்ட நிமித்தி வச்சு செபம் சொன்னேன்.”

தம்பி சிரித்துவிட்டான். அண்ணன் சிரிக்கவில்லை.

“அப்பா ஆசப்பட்டத அப்பாவுக்காகவே பாக்காம விட்டுட்டேம்ல.”

ரயில்வே ஸ்டேஷன் வந்தது. தம்பி பெட்டியைத் தூக்கினான்.

“நான் ஏறிப் பாத்துட்டு வந்து உனக்குச் சொல்லுதேன்.”

“எனக்கு வேண்டாம். கல்லறைக்குப் போயி அப்பாட்ட சொல்லு.”