சத்தத்தை முதலில் கேட்டவர்

உங்கள் மின்விசிறியில் ஒரு சத்தம் வருகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. இப்போதைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இன்னும் மூன்று மாதத்தில் பேரிங் போய்விடும், அவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை. பௌதிகவியல் படிப்பிக்கிறவனுக்குக் காது சும்மா இருக்காது.

தேநீருக்கு நன்றி. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. கார் எப்படி வாவிக்குள் போனது என்று கேட்டீர்கள். மிதவை ஓட்டும் பாதைக்காரர் கோணாமலை கார்ச் சில்லுக்குக் கல் வைத்தாரா இல்லையா என்றும் கேட்டீர்கள். கல் வைக்காமல் ஓர் உயிரைக் கொன்றார் என்று அந்த மனுஷன் நாற்பது நாளாக மறியலில் அடைபட்டிருக்கிறார். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். ஆனால் வகுப்பிலும் நான் விடையை முதலில் எழுதுவதில்லை. செய்கை வழி முக்கியம்.

என் பெயர் ரதீஸ். உயர்தர மாணவருக்கு டியூசன் வகுப்பு நடத்துகிறேன். வீடு களுதாவளையில். வீடு என்றால் என் வீடு அல்ல. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு போய் இறங்குவான். நானும் இறங்கினேன். முறைப்படி அந்த வீடு என் மனைவி மேனுகாவின் அக்கா சின்னத்தங்கத்துக்குச் சேர வேண்டியது. அவர் கலியாணம் வேண்டாம் என்று, வீட்டைத் தங்கை பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னறையில் இருந்துகொண்டார். பெயரில்தான் சின்ன, வீட்டில் அவர்தான் மூத்தவர். பெரியக்கா என்போம். நல்ல மனுஷி. அவர் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை, இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். பதினாறு வருடம் ஒரே உலை. மீன் எந்த மீனாக இருந்தாலும் நடுத்துண்டு என் தட்டில்தான் விழும்.

ஊரில் மட்டும் ஒரு பேச்சு இருந்தது. யாரும் வழி கேட்டால், "சின்னத்தங்கம் அக்காட வளவுக்கு அங்கால" என்று கை காட்டுவார்கள். ரதீஸ் மாஸ்டர் வீடு என்று சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. அது சின்ன விஷயம்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில், உள்ளூரில் பொருத்தி விற்ற கார். வெள்ளை நிறம், ஓட்டோ கியர், மூன்று வருட வொரண்டி. பிள்ளையார் கோயில் வாசலில் நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்து எடுத்தபோது எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு கார் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. அடுத்த கிழமையே, "ரதீஸ் மாஸ்டர்ட கார் நிக்குதே, அந்த வளவுதான்" என்று ஒருவர் வழி சொல்வதை என் காதால் கேட்டேன்.

மூன்றாம் வருடம், வொரண்டி முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கும்போது, கல்முனைச் சந்தைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரியக்கா முன் இருக்கையில் மரக்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"தம்பி, கார் என்னமோ முனகுது."

"அது றோட்டுச் சத்தம் அக்கா."

"றோட்டில்ல தம்பி. அடியில, உங்கட காலுக்குக் கிட்ட. பாலூட்டாம விட்ட கண்டு மாதிரிக் கத்துது."

அவர் மாடு வளர்த்தவர், அந்தக் கணக்கில்தான் பேசுவார். நான் சிரித்தேன். தார், டயர், உராய்வு, அதிர்வெண் எல்லாவற்றையும் எருவில் ஊர் வரும் வரைக்கும் விளங்கப்படுத்தினேன். பின்னால் இருந்த மேனுகா, "வகுப்பத் துவங்கிட்டாரு" என்று சிரித்தாள். பெரியக்கா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். நான் வாய் மூடிய பிறகு எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

இன்னொரு நாளும் சொன்னார். "கம்பனிக்காரரிட்ட ஒருக்காக் காட்டுங்களன் தம்பி. அதுக்குத்தானே அவங்க கடதாசி தந்திரிக்காங்க." நியாயமான பேச்சு. அதற்கு எதிராக ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நான் எப்படிப் போவது? உராய்வைப் பற்றி அத்தனை சொல்லிவிட்டு, பெரியக்கா சொன்ன இடத்தில், பெரியக்கா சொன்ன சத்தத்துக்காக? மூன்று மாதமும் ரேடியோ நல்ல உதவி செய்தது.

வொரண்டி முடிந்து சரியாகப் பதினோராம் நாள், கல்லடிப் பாலத்தில் ஏறும்போது என்ஜின் கத்துகிறது, கார் நகரவில்லை. பின்னால் இரண்டு பஸ். ஹோர்ன் அடித்தவர்களில் என் பழைய மாணவர்கள் எத்தனை பேரோ தெரியாது. காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கும் நிஸ்தார் வந்து இழுத்துப் போனார். உயர்த்திப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"மாஸ்டர், கியர் பொக்ஸ் முடிஞ்சி. சூடாகினா இனி இழுவை இரிக்காது. மறுகா, பார்க்கில போட்டுட்டன் எண்டு நம்பிராதீங்க. உள்ளுக்க பல்லுத் தேஞ்சி. கொஞ்ச நேரம் புடிக்கும், ஒரு குலுக்கு வந்தா விட்டிரும். ஹேண்ட் பிரேக் இழுக்காம இறங்காதீங்க." பிறகு கேட்டார், "எவ்வளவு நாளா மாஸ்டர் சத்தம் வருது?"

"இன்றைக்குத்தான்" என்றேன். நிஸ்தார் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரைக் கீழே இறக்கினார். நல்ல மெக்கானிக்.

கம்பனியில் பேசிய பிள்ளைக்குக் குரல் தேன். பதினொரு நாள் பிந்திவிட்டது சேர், ஒன்றும் செய்ய ஏலாது சேர், மன்னிக்க வேண்டும் சேர் என்று மூன்று மொழியிலும் சொன்னாள். புது கியர் பொக்ஸ் பாதிக் கார் விலை.

வீட்டுக்கு வந்தேன். பெரியக்கா ஒன்றும் சொல்லவில்லை, ஐயா. "நான் அப்பவே சொன்னன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், அது அதோடு போயிருக்கும். அவர் சொல்லவில்லை. மத்தியானம் என் தட்டில் இரண்டு நடுத்துண்டு இருந்தது. அந்த இரண்டாவது துண்டை என்னால் விழுங்க முடியவில்லை. அதைப் போல அவமானம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

காப்புறுதியில் வேலை செய்யும் நிலோஜன் என் மாணவன். ஒரு கலியாண வீட்டில் கண்டு கதைத்தேன். "தேய்மானத்துக்கு ஒண்டும் இல்ல சேர். விபத்து எண்டா முழுசாக் கிடைக்கும்" என்றான். சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். "ஆளில்லாத கார் தானா ஓடிப் போய் விழுந்தா மட்டும் கொழும்பில இருந்து ஆள் வந்து தோண்டுவாங்க. முன்னமே பழுது இருந்திச்சா எண்டு வீட்டு ஆக்கள், பக்கத்து ஆக்கள் எல்லாரையும் கேப்பாங்க." கெட்டிக்காரப் பையன். விடையின் இரண்டு பகுதியையும் அவனே எழுதிக் கொடுத்த மாதிரி.

வீட்டு ஆட்கள் என்றால் மேனுகாவும் பெரியக்காவும்தான். மேனுகாவுக்குக் கியரும் தெரியாது, பிரேக்கும் தெரியாது. கல்முனைப் பேச்சு அன்றைக்கே மறந்திருக்கும். பெரியக்கா பொய் சொல்லிப் பழகாதவர். யாரும் கேட்டால் எந்த மாதம், எந்த றோட்டு, காலுக்கு எந்தப் பக்கம் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார். சொல்லும்போது என்னைக் காட்டிக்கொடுக்கிறோம் என்றும் அவருக்குத் தெரியாது. அவ்வளவு நல்லவர்.

வைகாசியில் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், கண்ணகை அம்மன் சடங்கு. சடங்கு நிறைவாகும் குளுத்திக்கு முதல் நாள் காலையில் போய் அங்கே சொந்தக்காரர் வீட்டில் நிற்பது பெரியக்காவின் நேர்த்தி. வாவியைப் பாதையில்தான் கடக்க வேண்டும். நீங்கள் வெளியூர் என்பதால் சொல்கிறேன், பாதை என்றால் இங்கே றோட்டு இல்லை. இரும்பு மிதவையின் மேல் பலகை அடித்து மோட்டார் பூட்டியது. மோட்டார் சைக்கிள், ஆட்கள், கடைசியாக ஒரு கார். கார் ஏறியதும் அதன் பாரத்தால் பின்பக்கம் கொஞ்சம் தாழும். எத்தனை பாகை என்று வேண்டுமானால் கணித்துத் தருகிறேன். பின்னால் ஒரு சங்கிலி உண்டு, அது மனுஷரை மறிக்கத்தான். காரை மறிப்பது பின் சில்லுக்கு வைக்கும் கல். கடக்கும்போது எல்லோரும் வண்டியை விட்டு இறங்கி முன்பக்கம் நிற்க வேண்டும் என்பது பாதைக்காரரின் சட்டம்.

பெரியக்காவுக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. சுனாமியில் அவர் ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பியவர். அன்றிலிருந்து தண்ணீரைப் பார்ப்பதில்லை. கடலோரத்து ஊரில் இருந்துகொண்டு கடலையும் பார்ப்பதில்லை. பாதையில் பின் இருக்கையில் இருந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கரை வரும் வரைக்கும் கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். கோணாமலை ஒன்றும் சொல்வதில்லை. அவருக்கும் பெரியக்கா என்றால் மரியாதை.

துறை கிட்டத்தான், கார் சூடாக முன் போய்விடலாம். அன்று காலையில் பின் கதவுகளுக்கு, உள்ளேயிருந்து திறக்க ஏலாத குழந்தைப் பூட்டைப் போட்டேன். எங்களுக்குக் குழந்தை இல்லை, அந்தப் பூட்டு அதுவரை பாவிக்கப்படவே இல்லை. புதுசாகவே இருந்தது.

கோணாமலை கல்லை வைத்துக் குதிகாலால் ஓர் உதை விட்டு இறுக்கினார். "ஹேண்ட் பிரேக் போட்டிங்களா மாஸ்டர்?"

"ஓம் ஓம்."

மேனுகா முன் இருக்கையிலிருந்து இறங்கிப் பாதையின் முன்பக்கம் போனாள். நான் இறங்கும்போது பெரியக்கா கண்ணை மூடியபடியே சொன்னார். "தம்பி, கல்லு வெச்சாச்சா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

நான் போய்ப் பார்த்தேன். வந்து, "வெச்சாச்சு அக்கா" என்றேன். அந்த நேரத்தில் அது உண்மை. அவருக்கு நான் பொய் சொன்னதாக ஒருவரும் சொல்ல முடியாது.

பாதை துறையை விட்டு நகர்ந்து, எல்லோரும் முன்பக்கம் பார்த்து நின்றபோது, கல்லைக் காலால் ஓரத்துக்கு நகர்த்தினேன். நிஸ்தார் சொன்னபடியே பல் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் முன்னால் போய் மேனுகாவின் பக்கத்தில் நின்றேன். நடு வாவியில் நல்ல காற்று. தூரத்தில் கூழைக்கடா ஒன்று மிதந்தது, அதைக் கையால் காட்டினேன். எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். ஒரு மீன்பிடித் தோணியின் அலை வந்து பாதையைக் குலுக்கியது. சங்கிலி அறுந்த சத்தத்தைத்தான் நாங்கள் கேட்டோம். திரும்பியபோது பின்பக்கம் பாரமில்லாமல் உயர்ந்திருந்தது.

முதலில் குதித்தது கோணாமலை. நாலு தரம் மூழ்கினார். கண்ணாடியைக் கையால் குத்திக் கை கிழிந்திருந்தது. எனக்கு நீந்தத் தெரியாது, அதுவும் உண்மை. மேனுகாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், இல்லாவிட்டால் அவளும் குதித்திருப்பாள்.

அன்று பின்னேரம் கோணாமலை கட்டுப் போட்ட கையோடு வந்து என் காலில் விழுந்தார். "வெச்ச ஞாபகம் இரிக்கு மாஸ்டர். ஆனா கல்லு அங்கால கிடந்திச்சே. நான்தான் சரியா வெக்கல்ல போல." எழுபது வயது மனுஷன் தன் காலையே சந்தேகப்பட்டு அழுதார். நான் தூக்கி நிறுத்தி, முற்றத்தில் எல்லோரும் பார்க்க மன்னித்தேன். அதற்குப் பிறகு ஊரில் என்னைப் பற்றி நல்ல பேச்சு. வீட்டையும் இப்போது ரதீஸ் மாஸ்டர் வீடு என்றுதான் சொல்கிறார்கள்.

இதோடு முடிந்திருக்கும். மூன்று கிழமைக்கு முன் கம்பனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, நீங்கள் மேசையில் வைத்திருக்கிறீர்களே, அதுதான். இந்த வகைக் காரின் கியர் பொக்ஸில் பிழை இருப்பதை ஒப்புக்கொள்கிறார்களாம். வொரண்டி முடிந்தவர்களுக்கும் இலவசமாக மாற்றிக் கொடுக்கிறார்களாம். ஒரு படிவமும் இருந்தது. காரோ உங்கள் வளவில் சேறு காய்ந்து கிடக்கிறது, படிவத்தை நிரப்ப எந்தத் தேவையும் இல்லை. ஆனால் பதினொரு நாள் பிந்திவிட்டது என்று என்னிடம் சொன்ன அந்தப் பிள்ளைக்கு, வொரண்டிக்குள்ளேயே சத்தம் வந்தது என்று காட்டாமல் விடுவதா? நிரப்பினேன். திகதி போட்டேன். கையொப்பமும் வைத்து அனுப்பினேன். காரில் எந்தப் பழுதும் இருக்கவில்லை என்று காப்புறுதிக்கு எழுதிக் கொடுத்தது அப்போது என் நினைவில் இல்லை. கம்பனி அதை விசாரிக்கக் காப்புறுதிக்கு அனுப்ப, நிலோஜன் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். சொன்னேனே, கெட்டிக்காரன்.

ஆக, விடை இதுதான். கல்லைக் கோணாமலை வைத்தார், நான் எடுத்தேன். பெரியக்கா உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துதான் எடுத்தேன். அந்த மனுஷனை இன்றைக்கே வெளியே விடுங்கள், கை இன்னும் ஆறியிருக்காது. மேனுகாவுக்கு நீங்களே சொல்லுங்கள். எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க ஏலாது.

எழுதியதை வாசித்துக் காட்டுங்கள், கையொப்பம் வைக்கிறேன். ஒன்றே ஒன்று, ஐயா. அந்தக் கம்பனிப் படிவத்தில், சத்தத்தை முதலில் அவதானித்தவர் யார் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அந்த இடத்தில் நான் என் பெயரை எழுதியிருக்கிறேன். அதை மட்டும் திருத்த வேண்டாம்.