நடுக்குளத்துக் குட்டிக்கரணம்

செல்லுல சவுண்டைக் கொஞ்சம் கொறைச்சு வச்சு அந்த வீடியோவப் பாருங்க அண்ணாச்சி. சிரிங்க, நல்லாச் சிரிங்க, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. திருச்சுழியில பஸ் ஏறி அருப்புக்கோட்டை தாண்டுறதுக்குள்ள நாலு தடவ பாத்துட்டீக. செவரே இல்லாம நடுத்தண்ணியில ஒரு பொம்பள குட்டிக்கரணம் போட்டா யாருக்குத்தான் சிரிப்பு வராது?

கிறுக்கெல்லாம் இல்லண்ணாச்சி. எங்க ஊருதான், பேரு அருஞ்சுனை. கெணத்துல நீந்திப் பழகுனவ. கெணறு முப்பதடி அகலம். எட்டுக் கை போட்டா செவரு வந்துரும். பாசித் தண்ணிக்குள்ள ஒண்ணும் தெரியாது, எண்ணித்தான் கரணம் போட்டு, செவத்த ஒதைச்சுத் திரும்பணும். இருவது வருசமா எட்டு எண்ணித் திரும்புன ஒடம்பு. போன வருசம் மதுரையில, முப்பத்தஞ்சு வயசு தாண்டுனவுகளுக்கு வச்ச போட்டியில எறங்குனா. எட்டு எண்ணுனா, சுருண்டா, காலை ஒதறுனா. செவரு இன்னும் பதினஞ்சு மீட்டரு தள்ளி இருக்கு!

ஆனா அந்தக் கரணத்தப் பாருங்க. தாடை நெஞ்சோட ஒட்டியிருக்கு. முட்டி மடங்கியிருக்கு. தலையத் தூக்கிப் பாக்கவே இல்ல. ஒரு குத்தம் சொல்ல முடியுமா? எடந்தான் தப்பு. நீங்க நீந்துவீகளா? வாளியில மோந்து ஊத்துறதெல்லாம் கணக்குல வராதுண்ணாச்சி.

நீச்சல்குளத்துத் தரையில கறுப்பா ஒரு கோடு ஓடும். செவருக்கு முன்னாடி ஒரு குறுக்குக் கோடு. அதப் பாத்துத்தான் சுருளணும், எண்ணவே கூடாது. அதுக்கு நாங்க என்ன செஞ்சோம்? தோட்டத்துல பண்ணைக்குட்டை வெட்டியிருக்குல்ல, அதுல இருவத்தஞ்சு மீட்டரு அளந்து, ஒரு ஆளு நெஞ்சளவு தண்ணியில கதவுப் பலகையப் புடிச்சுக்கிட்டு நிப்பான். அதுக்கு முன்னாடி தரையில கல்லு வச்சு வெள்ளைத் துண்டு விரிச்சாச்சு. துண்டு தெரிஞ்சா கரணம், பலகையில ஒதை, மல்லாக்கப் போயி குப்புறத் திரும்பணும். அவ திரும்பிருவா. பலகையோட அந்த ஆளுதான் சகதிக்குள்ள போவான். மூணு மாசமா ஒதை. ஒதைக்கிறதுக்கு முன்னாடி சொல்லவும் மாட்டா, பின்னாடி சிரிக்கவும் மாட்டா.

ஆமா, நாந்தான் அந்தப் பலகைக்காரன்.

இன்னைக்குப் பத்து மணிக்கு மறுபடி எறங்குறா, அதே குளம். இந்தத் தடவையும் நடுவுல சுருண்டுட்டா, இனிமே கெணத்துப் பக்கமே போக மாட்டேன்னு அவ அக்காகிட்டச் சொல்லியிருக்கா.

இந்தா, இந்த எடம். கரணம் போட்டதும் ஒருத்தன் கெக்கெக்கேன்னு சிரிக்கிறானா? எங்கயோ கேட்ட கொரலா இருக்கா? இருக்கும். படம் புடிச்சவன் சிரிச்சா அம்புட்டுக் கிட்டக்கத்தான் கேக்கும். ஊரு குரூப்புல போட்டவனும் அவந்தான்.

அந்தா, டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு, சன்னலோரம். மெதுவாப் பாருங்க. அவதான் அருஞ்சுனை, என் வீட்டுக்காரி. ஒரு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. இன்னைக்குத்தான் நீச்சல் பையக் கொண்டாந்து என் மடியில வச்சுட்டுப் போயி முன்னாடி ஒக்காந்தா.

அதான் சவுண்டைக் கொறைங்கன்னேன். அந்தச் சிரிப்பு அவளுக்கு நல்லாத் தெரியும்.