அன்னை சிலையும் ஓர் அறைச் சாவியும்

அவைக்கு அணியாய், அமைதிக்கு அரணாய், அரியணை போன்ற அந்த ஒற்றைக் குஷன் நாற்காலிக்கு அழகாய் வீற்றிருக்கும் பூந்தளிர் நகர் நலச் சங்கத் தலைவர் அய்யாசாமி ஐயா அவர்களே, சங்கத்தின் சாவிகள் அத்தனையையும் தம் சட்டைப்பையிலேயே சுமந்து திரியும் செயல்வீரர், செயலாளர் சம்பத் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, அம்பத்தூரில் வேலை முடித்து, ஐந்தே முக்கால் லோக்கலில் பட்டாபிராம் வந்திறங்கி, வீட்டுக்கும் போகாமல், கையில் டிபன் பாக்ஸோடு ஓரமாக நிற்கும் தாய்மார்களே, இன்று உங்களுக்குத்தான் விழா என்பதால் நாற்காலி கிடைக்காமல் நிற்பவர்களே, உங்கள் அனைவருக்கும், ஆவடியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் இந்த வடிவு டீச்சரின் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு ‘தாய்மை ஒரு தவம்’. பத்து நிமிடம் பேசிவிட்டு, அதோ அந்தக் கயிற்றை இழுத்து, அன்னை சிலையைத் திறந்து வைக்க வேண்டும். சம்பத் அவர்கள் மேடையேறும் முன் காதோடு சொன்னார், “டீச்சர், பேச்ச கேட்டு கண்ணுல தண்ணி வரணும்.” வரவழைக்கிறேன் ஐயா. யார் கண்ணில் என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.

தாய் யார்? தரணி என்கிறோம். தாரகை என்கிறோம். தன்னையே எரித்து ஒளி தரும் தியாகச் சுடர் என்கிறோம். தண்ணீர் லாரி வந்துவிட்டால் மட்டும், “ஏம்மே, இன்னும் இன்னா பண்ணிகினு கீற, கொடத்த எடுத்துகினு ஓடு” என்கிறோம். தெய்வத்தை எந்த ஊரிலாவது குடத்தோடு ஓடவிடுவார்களா? கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் எனக்கு வளையல் சத்தம்தான் கேட்கிறது. வேட்டிப் பக்கம் அமைதியாக இருக்கிறது.

இப்போது ஒரு கதை. இந்தச் சங்கக் கட்டடத்துக்கு ஒரு பின்னறை உண்டு. ஆறு ஆண்டுகளாக அங்கே கன்னியம்மாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் தையலுக்கும் பேக்கிங்குக்கும் போகிற பெண்கள் காலையில் விட்டுப் போவார்கள், மாலையில் தூக்கிப் போவார்கள். கூரைக் கொக்கியில் இரண்டு தூளி, தரையில் ஒரு கோரைப்பாய், மொத்தம் பதினொரு பிள்ளைகள். கன்னியம்மாள் வயிற்றில் ஒன்றும் பிறக்கவில்லை. அதனால் சங்கம் தரும் ‘சிறந்த தாய்’ விருதுப் பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்க விதி இடம் தரவில்லை. விதியை எழுதியது யார் என்று கேட்காதீர்கள், அவருக்கு நாற்காலி கிடைத்திருக்கிறது.

அவளிடம் ஒருநாள் கேட்டேன், “இத்தனை பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறாயே, இதில் உனக்கு என்ன சுகம்?” அவள் சொன்னாள்: “இன்னாக்கா இப்டி கேக்கற? காலைல வர சொல்லோ அம்மாவ உட்டு வரமாட்டேன்னு அயுதுகினு வருதுங்க. சாயங்காலம் என்ன உட்டுப் போமாட்டேன்னு அயுவுதுங்க. அந்த சாயங்கால அயுகதான்க்கா எனக்கு சாமி. நான் கோயிலுக்குப் போயி எவ்ளோ நாளாச்சு தெரியுமா?”

பெரியோர்களே, முப்பது மேடைகளில் தாய்மையைப் பற்றி முழங்கியிருக்கிறேன். இந்த ஒரு பேச்சுக்கு ஈடாக ஒரு வரிகூட நான் பேசியதில்லை. அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

பிறகு என்ன நடந்தது? சங்கம் கூடியது. தாய்மைக்குத் தக்க மரியாதை செய்ய வேண்டும் என்று தீர்மானித்தது. சிலை வந்தது. ஆறடி அன்னை, அவள் இடுப்பில் சிமெண்டுக் குழந்தை. ஆனால் பீடம் கட்டி முடியவில்லை, மழையோ விடவில்லை. நனைந்தால் அன்னையின் வண்ணம் போய்விடுமே. எங்கே வைப்பது? பின்னறையில் வைத்தார்கள். பாயைச் சுருட்டினார்கள், பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள், கதவைப் பூட்டினார்கள். தூளிச் சேலைகளும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. அன்னையை உள்ளே வைக்க, அன்னையரின் பிள்ளைகள் வெளியே போனார்கள். அழாத குழந்தைக்கு அறை கிடைத்தது, அழுகிற குழந்தைகளுக்கு வேப்பமரத்தடி கிடைத்தது.

சிரிக்காதீர்கள். சிரிப்பதற்கு முன் என்னையும் பாருங்கள். பீடத்தில் பொறித்திருக்கிறதே, ‘இவள் மடியே உலகின் முதல் வீடு’ என்று, அதை எழுதியவள் நான்தான். எழுதித் தந்து, பாராட்டு வாங்கி, காப்பியும் குடித்துவிட்டு வந்தேன். பீடம் முடியும்வரை சிலையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாதம் ஓடிவிட்டது. மரத்தடியில் கைக்குழந்தையை விட மனம் வராமல், அதோ நிற்கிற நாகவல்லி, பிரசவ விடுப்பு முடிந்தும், பதினேழு நாளாக வேலைக்குப் போகவில்லை. திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். இன்று காலை சிலை பீடம் ஏறிவிட்டது, அறை காலி. சாவி கேட்டோம். சம்பத் அவர்கள் என்ன சொன்னார்? “அது இனிமே அன்னை விழாக் குழு ஆபீசும்மா.” ஆண்டுக்கு ஒருநாள் விழா, ஆண்டு முழுவதும் அதற்கு ஓர் அறை.

என்ன ஐயா பின்னால் கேட்கிறீர்கள்? சிலைமேல் ஏன் கட்டம்போட்ட பழைய போர்வை இருக்கிறது என்றா? நல்ல கேள்வி. செயலாளரும் அரைமணியாக அதைத்தான் முறைத்துக்கொண்டிருக்கிறார். காலையில் அங்கே பட்டுத்துணிதான் இருந்தது. மதியம் நாகவல்லியின் குழந்தை தூக்கத்துக்கு வீறிட்டது. தூளியாகக் கட்டியிருந்த இந்தப் போர்வை முரடாக உறுத்தியதாம், பட்டு மெத்தென்று இருந்ததாம். கன்னியம்மாள் இரண்டையும் மாற்றிவிட்டாள். மேடைக்குப் பின்னே வேப்பங்கிளையில் தூளி தொங்குகிறது. குழந்தை உள்ளே தூங்குகிறது. என் பேச்சில் பெரியவர்களே தூங்கும்போது, ஏழு மாதக் குழந்தைக்கு என்ன?

தலைவர் அவர்களே, போர்வையை இழுத்து நான் சிலையைத் திறக்க மாட்டேன். பட்டுதான் வேண்டுமென்றால் நீங்களே போய் அவிழ்த்து வாருங்கள். குழந்தை விழித்துக்கொண்டால் மறுபடி தூங்க வைப்பதும் நீங்கள்தான். அது முடியாதென்றால், சிலை நாளைக்குத் திறக்கட்டும், இன்று அந்த அறை திறக்கட்டும்.

தலைவர் செயலாளரிடம் கை நீட்டுகிறார். சம்பத் அவர்களே, அது கைக்குட்டை. இன்னொரு பை. ஆம், அதுதான். கன்னியம்மா, மேடைக்கு வா. தலைவர் கையால் வாங்கிக்கொள். நாகவல்லி, திங்கட்கிழமை எட்டு மணி வண்டியைத் தவறவிடாதே.

சாவி கொடுத்த கைக்கும், நின்றுகொண்டே கேட்ட கால்களுக்கும் என் நன்றி. யாரும் கைதட்டாதீர்கள். என் குரலுக்கு விழிக்காத பிள்ளை உங்கள் கைதட்டலுக்கு விழித்துவிடும். மெல்லச் சொல்லி விடைபெறுகிறேன், வணக்கம்.