உருளைச் சறுக்குக்கு ஒரு வரி கேட்ட கண்காணிப்பாளருக்கு

கோப்புகளின் குவியலுக்குள்ளும் குணம் குன்றாத கோமானே! விதிகள் அறிந்தும் விரிந்த மனம் கொண்ட வித்தகரே! வாசல் காவலர் முதல் முதுநிலை உதவியாளர் வரை எல்லோரும் வாஞ்சையோடும், துணை இயக்குநர் மட்டும் உங்கள் முதுகுக்குப் பின்னாலும், ‘சக்கரம் சார்’ என்றழைத்த, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் கண்காணிப்பாளரே! வணக்கம்.

உருளைச் சறுக்கில், கால்களில் சக்கரம் பூட்டிக் காற்றைக் கடந்த காளை நீங்கள். மூன்று பதக்கங்கள் வென்றதை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை; உங்கள் துணைவியார் சொல்லித்தான் தெரியும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்டபோது அந்தப் பதக்கங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தேர்வெழுதி, முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் இவ்விளையாட்டு அலுவலகத்துக்கு இளநிலை உதவியாளராக வந்து சேர்ந்தீர்கள். வந்த இடத்தில், உங்களை மறுத்த அதே பட்டியல் உங்கள் நாற்காலிக்கு எதிரே சுவரில் தொங்கியது!

முதன்மைப் போட்டி விளையாட்டுகளின் பட்டியல் அது. அதில் பந்துக்கு வரி உண்டு, மட்டைக்கு உண்டு, வில்லுக்கும் வாளுக்கும்கூட உண்டு. உருளைச் சறுக்கு மட்டும் கடைசியில் ‘இதர’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் பயிற்சியாளர் உண்டு, களம் உண்டு, கல்லூரியில் இடம் உண்டு, அரசு வேலையும் உண்டு. ‘இதர’வுக்கு ஒன்றுமில்லை.

அந்த ஒரு வரிக்காக, குறிப்பு எழுதும் பொறுப்புக்கு உயர்ந்தது முதல் ஆண்டுதோறும் ஒரு குறிப்பு எழுதி, ஒற்றை ஆளாய்க் கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்பினீர்கள். இருபத்தாறு குறிப்புகள்! ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இருபத்தைந்து பதில்கள். மீதமுள்ள ஒன்று வேளாண்மைத் துறைக்குப் போய், உருளைக்கிழங்கு விதை கையிருப்பில் இல்லை என்ற பதிலோடு திரும்பியது. “உருளைன்னுதான் சார் கண்ணுல பட்டுச்சு, நான் என்னத்தக் கண்டேன்!” என்று தலையைச் சொறிந்த நம் தபால் எழுத்தர் இதோ முதல் வரிசையில் முகம் சிவந்து அமர்ந்திருக்கிறார். அன்று நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் எங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டீர்கள்.

குறிப்பு எழுதிய அதே கையால் மறுப்புக் கடிதங்களிலும் கையெழுத்திட நேர்ந்ததே உங்கள் பணியின் பெருந்துயரம். ‘தங்கள் விளையாட்டு பட்டியலில் இடம்பெறாமையால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை’ என்பது நம் அலுவலக வாசகம். அதில் ‘வருத்தத்துடன்’ என்றொரு சொல்லை மையால் நீங்களே சேர்ப்பீர்கள். ‘யாருடைய வருத்தம்?’ என்று மேலிடம் விளக்கம் கேட்டபோது, ‘கண்காணிப்பாளருடையது’ என்று ஒரே சொல்லில் பதில் எழுதிய உங்கள் நெஞ்சுரத்தை என்னென்பது!

விளையாட்டரங்கில் எப்போதோ போட்டுக் கைவிட்ட சறுக்குத் தளத்தில், மற்ற விளையாட்டுகளின் போட்டி நாட்களில் வண்டிகளை வரிசையாய் நிறுத்தியவர்கள் நாங்கள்தாம். “சக்கரம் ஓடத்தானே சார் போட்டாங்க, எங்க சக்கரமும் நிக்கட்டுமே” என்று கேலி பேசியவர்களும் நாங்கள்தாம். பிள்ளைகள் விடியலில் கடைத்தெரு சாலையில், பேருந்து வருமுன் பயிற்சி முடிக்க ஓடியதை நீங்கள் சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

சென்ற வாரம் ஓர் அம்மா தம் மகளின் விண்ணப்பத்தோடு வந்தார். “மாநிலத்துலயே முதலா வந்திருக்கா என் பொண்ணு. இது விளையாட்டு இல்லன்னா பின்ன என்னங்க சார்?” என்றார். நீங்கள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள். நேற்று அந்தப் பெண்ணுக்கான மறுப்புக் கடிதம் உங்கள் மேசைக்கு வந்தது. பேனாவைத் திறந்தீர்கள், மூடினீர்கள். “இதுல மட்டும் என் கையெழுத்து வேண்டாம்மா” என்று தட்டச்சர் அக்காவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள்.

ஐயா, அந்தக் கடிதம் போகவில்லை. நாளை உங்கள் நாற்காலியில் அமரப்போகும் முதுநிலை உதவியாளரும் அதில் கையெழுத்திட மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக இன்று காலை, நீங்கள் மாலைக்கும் மேடைக்கும் ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், இருபத்தேழாவது குறிப்பை நாங்கள் எழுதினோம். பதினொரு பேரும் கையெழுத்திட்டோம். உறையின் மேல் முகவரியைத் தபால் எழுத்தர் மூன்று முறை சரிபார்த்தார்.

என்ன பதில் வருமென்று தெரியாது. பழைய பதிலே வரலாம். வந்தால் அடுத்த ஆண்டும் எழுதுவோம். உங்களுக்கு நாங்கள் வேண்டுவது ஒன்றே: அந்த வரி அச்சாகி வர எத்தனை ஆண்டு ஆகுமோ, அத்தனை ஆண்டும் கண் பார்வையோடும் கால் வலிமையோடும் இருங்கள். முதலில் படிப்பவர் நீங்களாக இருக்க வேண்டும் ஐயா!

என்றும் தங்கள் அன்பை மறவாத,
விளையாட்டு அலுவலகப் பணியாளர் பதினொருவர்