மேசை மாற்றாத சோதனை

ஏசிக் காற்று எல்லோர் மேலும் ஒரே மாதிரி படுவதில்லை ஐயா. நான் மீட்டர் பார்த்து அளவெடுக்கும் சோதனைக்கூடத்தில் ஜன்னலோரம் இருப்பவர் வியர்வையைத் துடைப்பார். காற்று நேராக விழும் இடது மேசைக்காரர் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டார். அதனால்தான் இரண்டு பிராசஸர்களை ஒப்பிடும்போது பாதியில் மேசை மாற்றி வைப்போம். சூடேறினால் எதுவும் வேகம் குறையும், கரண்டையும் கூடுதலாகக் குடிக்கும்.

அன்று நான் மாற்றவில்லை.

வீட்டில் வைத்துக்கொள்ளும் மூச்சுக் கருவிக்காக நடந்த போட்டி அது. ஒரு பிராசஸர் வெளிக் கம்பெனியுடையது. மற்றது என் தம்பி செய்தது. சும்மா இருக்கும் நேரத்தில் பிராசஸரைத் தூங்கவைத்து பேட்டரியை மிச்சப்படுத்தும் வழியைச் சாப்பாட்டு மேசையில் அவனுக்கு வரைந்து காட்டியவள் நான். பேரும் பதவியும் அவனுக்குப் போயின.

கேட்டேன். "விடுக்கா, மீட்டர் பாக்குறவளுக்கு எதுக்குப் பேரு?" என்று சிரித்தான்.

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "அவன் நாலு பேரு முன்னாடி தலை நிமிர்ந்து நிக்கணும். நீ வாய மூடிக்கிட்டு இருந்தா என்னடி குறைஞ்சு போயிடுவ?"

மூடிக்கொண்டேன்.

நான் சொன்னதில் பாதிதான் அவனுக்குப் புரிந்திருந்தது. வெக்கையில் அவன் பிராசஸர் தூங்கவே தூங்காது. அதை இடது மேசையிலேயே விட்டுவைத்தேன். சில்லென்ற காற்றில் பிரமாதமாக ஓடி ஜெயித்தது. ஊரறிய ஜெயித்தவன்தானே ஊரறியத் தோற்கமுடியும்?

முதல் கருவியை, மூச்சிரைப்பில் படுத்திருந்த அம்மாவுக்கே கொண்டுவந்தான். "கரண்டு போனாலும் பொழுதுக்கும் தாங்கும்மா, உன் புள்ள செஞ்சது." அம்மா முகத்தைப் பார்க்கவேண்டுமே! அவள் அறை மேற்கு பார்த்தது, மத்தியானம் அடுப்பு மாதிரிக் கொதிக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மீட்டர் பார்க்கிறவளை யார் கேட்கிறார்கள்?

ஒரு மத்தியானம் கரண்டு போனது. தம்பி அலுவலகத்தில் இருந்தான். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

கருவி கத்தியதா என்கிறீர்கள். கத்தியது. மாற்று பேட்டரி என் மடியில்தான் இருந்தது. அம்மா முகமூடியை விலக்கிக் கூப்பிட்டாள், தம்பியை. இல்லாதவனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். சரி, அவனே வந்து கேட்கட்டும் என்று அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு சத்தமும் நின்றுவிட்டது.

ஒரு தடவை என்னைக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன் ஐயா. நான் என்ன, கல் நெஞ்சக்காரியா?