கடற்கரையை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள்

அன்று என் மகனைக் காப்பாற்றினேனா, காயப்படுத்தினேனா? இன்னும் தெரியவில்லை.

ஓடுகிறேன். மரக்காணம் உப்பளத்து வரப்பு. செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். ஒரு கையில் கணவரின் சாப்பாட்டுத் தூக்கு. மறுகையில் நான்கு வயது ஆரூரன். முதல் சத்தம் மேற்கே. டமார். ஓர் இடைவெளி. பிறகு ஏழெட்டு, அடுத்தடுத்து.

"ஷெல்! விழுந்து படு!"

கத்திக்கொண்டே தூக்கை எறிந்தேன். அவனை வாய்க்காலில் தள்ளி மேலே படுத்தேன். பத்து வயதில், வன்னியில், அம்மா என் மேல் இப்படித்தான் படுத்தாள். உப்புநீர். கொழகொழத்த சேறு. அவன் கண்ணில், வாயில், சிராய்த்த முழங்காலில். அலறுகிறான். வாயைப் பொத்துகிறேன்.

உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலையக்கா ஓடி வந்து தூக்கினார். "சாவு வெடிம்மா அது. பெருசு ஒண்ணு போயிடுச்சு. பாடைக்கு முன்னால கொளுத்துறாங்க."

படகில் வந்து இரண்டு வருடம். பண்டிகை வெடி தெரியும். நாள் பார்த்து உள்ளே இருந்துவிடுவேன். சாவுக்கு நாள் கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், வெடித்த பிறகுதான் சாவு.

அடுத்த வாரம் எங்கள் அகதி முகாமுக்கு ஒரு மனநல ஆலோசகர் வந்தார். பொதுக்கூடம். பதினைந்து பெண்கள். துக்கம் பத்துக்கு எத்தனை என்று படிவம் கேட்டது. படித்தவள் என்று மற்றவர்களுடையதையும் என்னை நிரப்பச் சொன்னார். ஒவ்வொருத்தியிடமும் கேட்டேன். எண் போட்டேன். மறுத்திருக்க வேண்டும்.

பிறகு சொன்னார்: "கண்ண மூடிக்கங்க. அமைதியான கடற்கரைய நினைச்சுக்கங்க."

போரில் எங்கள் கடைசி நாட்கள் கடற்கரையில்தான். என் அக்காவை அந்த மணலில் விட்டோம். ஈக்கள். வெயிலில் அந்த நாற்றம். வாந்தி எடுத்தேன், படிவங்களின் மேலேயே. அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

அஞ்சலையக்காவிடம் படிவம் இல்லை. ஊரில் சாவு என்றால் போன் செய்கிறார். "மூணு மணிக்கு எடுக்குறாங்க. புள்ளைங்கள கூட்டிக்கினு உள்ள இரு." எனக்கு அது உதவுகிறது.

ஆரூரனுக்கு இல்லை. நேற்று குக்கர் விசில். "படு!" என்று கத்தி, ஏழு மாதத் தங்கையின் மேல் கவிழ்ந்தான். அவள் வாயைப் பொத்தினான். இழுத்தெடுத்தபோது அவள் முகம் கன்றிச் சிவந்திருந்தது. அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. மறக்கடிக்கவும் பயம். அம்மா அப்படிப் படுத்ததால்தான் நான் உயிரோடிருக்கிறேன்.

அங்கே இழந்தது மூன்று பேர். அப்பா. அக்கா. பெயர் வைக்காத தம்பி. உப்பளத்தில் இழந்தது ஒரு தூக்குச் சோறு, ஒரு சின்னச் செருப்பு, சத்தத்துக்குப் பயப்படாத ஒரு பிள்ளை.

படுக்கச் சொன்னது நான். எழுந்திருக்க எப்படிச் சொல்லித்தருவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.