பதினொன்று எட்டுக்கு முனீஸ் அனுப்பியது

என் பெயர் தரணி, வயது 29, தந்தை பெயர் மருதாசலம், குடியிருப்பது பெருமாநல்லூர். கிட்டுசாமி என்பவரின் சாயப்பட்டறையில் மூன்று வருடமாகக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை செய்கிறேன். ஆய்வாளர் கேட்க, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்வது.

சாய மெஷினைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்குபவர் முதலில் தன் போனில் 'உள்ளே ஆள்' என்ற பட்டனை அழுத்த வேண்டும். அந்தச் செய்தி ஷெட்டில் உள்ள வைஃபை பெட்டி வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்தால் மெஷின் பூட்டிக்கொள்ளும். பதில் வராத செய்தியை மறுபடி அனுப்பும்படி எழுதியது நான்தான். "ஒரு லாட் துணி கூட நிக்கக் கூடாது கண்ணு" என்று முதலாளி சொன்னதால், ஆபீசிலிருந்து போகும் உத்தரவு ஐந்து விநாடிக்கு ஒரு முறையும், ஆட்கள் அனுப்பும் செய்தி பத்து நிமிடத்துக்கு ஒரு முறையும் போகும்படி வைத்தேன்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு மாலை இடி இடித்து ஆபீசுக்கும் ஷெட்டுக்கும் தொடர்பு அறுந்தது. அப்போது அனுப்பியிருந்த வெந்நீர் திறக்கும் உத்தரவுக்குப் பதில் வரவில்லை. அதை ரத்து செய்ய மறந்துவிட்டேன். இரவு முழுக்க அது ஐந்து விநாடிக்கு ஒரு முறை தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் காலை பூஜைக்காக மெஷின் கழுவ வந்த பட்டறைத் தொழிலாளி முனீஸ், பட்டனை அழுத்திவிட்டுப் போனைக் காட்டி, "வட்டம் சுத்திக்கிட்டே இருக்கே தாயி" என்றார். "சுத்துனாப் போதுமுங்ணா, தானாப் போயிருமுங்" என்றேன். "சரித்தான்" என்று போனார். அப்படிச் சொன்ன என் வாயைத் தைத்திருக்கலாம்.

அவர் பட்டனை அழுத்தியது 11.08. மற்றவர்கள் கேட்டில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். 11.12க்கு அறுந்த வயரை நானே மாற்றி மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்ததும் சந்தோஷப்பட்டேன். முதலில் போய்ச் சேர்ந்தது வெந்நீர் உத்தரவு. 11.18க்கு என் திரையில் 'உள்ளே ஆள், முனீஸ்' என்று வந்தது. ஓடினேன். மெஷின் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கீழே அவர் செருப்பு ஜோடியாக இருந்தது.

அதன் பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பட்டனை அமுக்காமயே எறங்கிட்டான்னு சொல்லிக்கலாம், அந்தப் பதிவை அழிச்சுப்போடு கண்ணு" என்றார். அழிக்கவில்லை. முனீஸ் மேல் பழி போட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

'கிடைத்தது' என்ற பதிலை அவர் போன் வாங்கினால்தான் பெட்டி அந்தச் செய்தியை மறுபடி அனுப்புவதை நிறுத்தும். போன் அவரோடு வெந்துபோனது. அதனால் தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் 'உள்ளே ஆள், முனீஸ்' என்று வருகிறது. இன்றும் வந்தது.

நேற்று அவர் மனைவி ராமுத்தாய் ஆபீசுக்கு வந்து திரையைப் பார்த்தார். "வெளிய வாங்கன்னு ஒரு தடவ அனுப்பிப் பாரு தாயி" என்றார்.

அனுப்பினேன். பதில் வராததால் அது ஐந்து விநாடிக்கு ஒரு முறை போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

இதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ம. தரணி